சூரைச்செடி நிழலில்

வேத பாடம்: 1 இராஜாக்கள் 19-ம் அதிகாரம்





வார்டுகளில் ஜெபிக்கச் செல்லும்போது, நோயாளிகளைவிட அவர்களுக்குத் துணையாக வந்திருப்பவர்களிடமிருந்தே இந்த வார்த்தைகளை அதிகம் கேட்கிறேன்: “ஐயா, எனக்கென்று யாருமில்லை. இதைத் தாங்க எனக்குப் பெலனும் இல்லை.” இப்படிச் சொல்கிறவர்களிடம், “உங்கள் விசுவாசம் போதாது” என்று சொல்லிவிட்டுப் போகிற நல்ல விசுவாசிகளும் உண்டு. அவர்கள் எலியாவின் சரித்திரத்தை இன்னொரு முறை நிதானமாக வாசிப்பது நல்லது.

கர்மேல் பர்வதத்தில் பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேருக்கு எதிரே நின்று, வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கண்டவர் எலியா. அதற்குப் பிறகுதான் யேசபேலின் ஒரு மிரட்டலுக்குப் பயந்து ஓடுகிறார். பெயெர்செபாவில் வேலைக்காரனையும் விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒருநாள் வழி நடந்து, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்கிறார். தன் முன்னோரைவிடத் தான் எவ்விதத்திலும் மேலானவனல்ல என்கிறார். தனிமையும், தகுதியில்லை என்ற எண்ணமும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன.

தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் தூங்க விடுகிறான். இரண்டாம் முறை எழுப்பும்போது அவன் சொல்வதைக் கவனியுங்கள். நம் தமிழ் வேதாகமம் பிரயாணத்தின் தூரத்தைச் சொல்கிறது; எபிரெய மொழியில், அந்த வழி எலியாவின் பெலத்துக்கு மிஞ்சியது என்ற கருத்தும் இருக்கிறது. “உன்னால் முடியும்” என்று தூதன் தேற்றவில்லை. முடியாது என்பதை அறிந்தே, அதற்காகவே போஜனம் கொடுக்கிறான்.

நாற்பது நாள் நடந்து எலியா ஓரேபுக்கு வந்து சேருகிறார். காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி, பிறகு மெல்லிய சத்தம். நம் பிரசங்கங்கள் பெரும்பாலும் அந்தச் சத்தத்தோடு முடிந்துவிடுகின்றன. ஆனால் 10-ம் வசனத்தையும் 14-ம் வசனத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சத்தத்தைக் கேட்பதற்கு முன் சொன்ன அதே பதிலைத்தான், தான் ஒருவனே மிஞ்சியிருப்பதாக, அதைக் கேட்ட பின்பும் சொல்கிறார்! மனபாரம் சற்றும் குறைந்ததாகத் தெரியவில்லை. அந்த நிலையிலேயே தேவன் அவரைத் திருப்பி அனுப்புகிறார். ஆசகேலையும் யெகூவையும் ராஜாக்களாகவும், எலிசாவைத் தீர்க்கதரிசியாகவும் அபிஷேகம்பண்ணும் வேலையைக் கொடுக்கிறார். எலியா புறப்பட்டுப் போனார் என்றே அடுத்து வாசிக்கிறோம். உள்ளம் தெளிந்த பிறகு போனார் என்று எழுதப்படவில்லை. விசுவாசம் என்று நான் சொல்வது இதைத்தான்.

பாகாலை வணங்காத 7000 பேர் இருப்பதாகக் கர்த்தர் சொன்னார். அவர்களை எலியா சந்தித்ததாக வேதத்தில் இல்லை. போகட்டும், ஒபதியா 100 தீர்க்கதரிசிகளைக் கெபிகளில் ஒளித்துவைத்து அப்பமும் தண்ணீரும் கொடுத்துவந்ததை அவனே முன்பு எலியாவிடம் சொல்லியிருந்தான். துக்கம் மிஞ்சும்போது தெரிந்த செய்திகூட மனதில் நிற்பதில்லை.

அந்த மூன்று வேலைகளில் எலியா தாமே செய்ததாக நாம் வாசிப்பது ஒன்றுதான், எலிசாவை அழைத்தது. ஆசகேலிடம் பேசியது எலிசா (2 இராஜாக்கள் 8). யெகூவுக்குத் தைலம் வார்த்தது எலிசா அனுப்பிய வாலிபன் (9-ம் அதிகாரம்).

வேலூர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் தொடக்கமும் இப்படிப்பட்டதே. 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். 1899-ல் அமெரிக்காவின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-ன் தொடக்கத்தில் இந்தியா திரும்பினார். அனுபவமுள்ள மருத்துவரான தகப்பனாரின் துணையோடு ஊழியம் செய்வதே எண்ணம். அதே ஆண்டில் தகப்பனார் காலமானார். 29 வயதில், பட்டம் பெற்ற சூடு ஆறுமுன், ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியத்தைத் தொடங்கினார். 1902-ல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழும்பியது. அதற்கான 10,000 டாலரைக் கொடுத்தவர், மனைவியின் நினைவாகக் காணிக்கை கொடுத்த ஒரு நியூயார்க் வங்கியாளர். 1909-ல் நர்சுகளுக்கும், 1918-ல் பெண் மருத்துவர்களுக்கும் பயிற்சி தொடங்கியது. 1960-ல் அம்மையார் கொடைக்கானலில் காலமானபோது, வேலையைத் தொடரப் பலர் இருந்தார்கள்.

எலியாவின் தனிமைக்குத் தேவன் ஆயத்தம்பண்ணியிருந்த துணை, பன்னிரண்டாம் ஏரை ஓட்டிக்கொண்டிருந்த ஓர் உழவன். சால்வையை மேலே போட்டதும் ஏர்மாட்டை அடித்து ஜனங்களுக்கு விருந்து வைத்துவிட்டு, அவன் எலியாவின் பின்னே வந்தான்.

இரவுப் பணியிலிருக்கும் எங்கள் பயிற்சி நர்சுகளை உங்கள் குடும்ப ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் அநேகர் முதன்முறையாக வீட்டை விட்டு வந்திருக்கிறார்கள்.