முதலில் சுவிட்ச், பிறகு தண்ணீர்

கொல்கத்தாவின் வடக்குப் பகுதியில் பாக்பஜார் இருக்கிறது. அங்கே காலிஃப் தெரு என்று ஒரு தெரு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. செடி விற்பார்கள். பறவை விற்பார்கள். வண்ண மீன்களும் விற்பார்கள். நம் சென்னை கொளத்தூரைப் போல அதுவும் மீன் பிரியர்கள் தேடிப் போகும் இடம்.

மீனை வாங்குவது சுலபம். வளர்ப்பதில்தான் கவனம் வேண்டும்.

ஹீட்டர் எதற்கு?

சென்னையில் குளிர் குறைவு. கொல்கத்தா அப்படி இல்லை. ஜனவரி மாத இரவில் வெப்பம் 14 டிகிரிக்கு இறங்கும். சில நாள் அதற்கும் கீழே போகும். தங்கமீன் குளிரைத் தாங்கும். ஏஞ்சல், கௌராமி போன்ற மீன்கள் தாங்காது. அவற்றுக்கு 24 முதல் 28 டிகிரி வரை வேண்டும். குளிர்ந்தால் மூலையில் ஒதுங்கி நிற்கும். இரை எடுக்காது. நோய் வரும். அதனால்தான் கண்ணாடிக் குழாய் ஹீட்டரைத் தொட்டிக்குள் வைக்கிறார்கள்.

பில்டர் எதற்கு?

மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. பில்டரின் பஞ்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவை அந்த நஞ்சைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றுகின்றன. பார்ப்பதற்குப் பஞ்சு அழுக்காகத் தெரியும். உள்ளே இருப்பவை மீனைக் காக்கும் உயிர்கள்.

ஆபத்து எங்கே?

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்கின்றன. அங்கே ஒரு வீட்டில் மகன் தொட்டித் தண்ணீரை மாற்றப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். அம்மா தடுக்கிறார்.

"டேய் தம்பி, தொட்டிக்குள் கையை விடாதே! பிளக்கைப் பிடுங்கினாயா?"

"சுவிட்சை அணைத்துவிட்டேன் அம்மா. அது போதாதா?"

"போதாது. சில வீடுகளில் சுவிட்சுக்கு ஒயரை மாற்றிக் கொடுத்திருப்பார்கள். அணைத்தாலும் மின்சாரம் இருக்கும். ஈரக் கையைத் துடைத்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்கு."

"பிடுங்கிவிட்டேன். இப்போது தண்ணீரை இறக்கலாமா?"

"கால் மணி நேரம் பொறு. ஹீட்டர் சூடாக இருக்கும். சூடான லாந்தர் கண்ணாடியில் தண்ணீர் தெளித்தால் என்ன ஆகும்?"

"விரிசல் விடும்."

"இதுவும் அப்படித்தான். விரிசல் விட்ட ஹீட்டருக்கு மின்சாரம் கொடுத்தால் தண்ணீரிலும் பாயும். மீனும் சாகும். கை வைத்தவர் உயிரும் போகும்."

செய்ய வேண்டியவை

1. ஹீட்டர், பில்டர் இரண்டின் சுவிட்சையும் அணையுங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். கால் மணி நேரம் பொறுங்கள்.

2. காற்று மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே இருந்தால், மோட்டாரை நிறுத்தியதும் டியூப் வழியாகத் தண்ணீர் அதற்குள் இறங்கிவிடும்.

3. நாலில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் டியூப் வைத்து வாளியில் இறக்குங்கள். முழுவதையும் மாற்றாதீர்கள்.

4. பில்டர் பஞ்சை அந்த வாளித் தண்ணீரிலேயே மெல்ல அலசுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். கொல்கத்தாவுக்குப் பல்தா என்ற இடத்தில் ஹூக்ளி ஆற்று நீரைச் சுத்தம் செய்து அனுப்புகிறார்கள். கிருமிகளைக் கொல்லக் குளோரின் கலக்கிறார்கள். அது பஞ்சில் இருக்கும் நல்ல உயிர்களையும் கொல்லும்.

5. புதுத் தண்ணீரை முதல் நாளே வாளியில் பிடித்துத் திறந்து வையுங்கள். குளோரின் பெரும்பாலும் போய்விடும். குளிர்காலத்தில் சிறிது வெந்நீர் கலந்து, தொட்டித் தண்ணீரின் சூட்டுக்குக் கொண்டு வாருங்கள். பிறகு மெல்ல ஊற்றுங்கள்.

6. மட்டம் பழையபடி ஏறியதும் பில்டரைப் போடுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் அதன் மோட்டார் கெட்டுவிடும். அதிக நேரம் நிறுத்தியும் வைக்காதீர்கள். காற்று கிடைக்காமல் நுண்ணுயிர்கள் இறக்கும்.

7. கால் மணி நேரம் கழித்து, கடைசியாக ஹீட்டரைப் போடுங்கள்.

ஹீட்டர் உடைந்திருந்தால் தண்ணீரைத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள்.

படித்துப் பாருங்கள்

பல ஹீட்டர்களில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே போகக் கூடாது. பக்கத்தில் 50, 100 என்று எண் இருக்கும். அது வாட் அளவு. ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு வாட் போதும். 50 லிட்டர் தொட்டிக்கு 50 வாட். கடைக்காரர் எதைக் கொடுத்தாலும், எண்ணைப் படித்த பிறகே வாங்குங்கள்.

சிந்திப்போம்

1. சுவிட்சை அணைத்த பிறகும் பிளக்கைப் பிடுங்குவது ஏன்?
2. பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசினால் மீனுக்கு என்ன கேடு?
3. உங்கள் வீட்டில் தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடங்கள் எவை? எழுதிப் பாருங்கள்.