நீல விளக்கு காட்டிக்கொடுக்கும்

பழைய கார் ஹெட்லைட் மங்கினால் முதலில் பல்பை மாற்றுவார்கள். அப்புறம் ஹோல்டர், அதற்கும் அப்புறம் ஸ்விட்ச். மூன்றுக்கும் காசு கொடுத்த பிறகும் வெளிச்சம் பழையபடியே இருக்கும். தூத்துக்குடியில் ஒரு பழைய அம்பாசிடரை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: கோளாறு பெரும்பாலும் இணைப்புகளில்தான் இருக்கும், அதிலும் முக்கால்வாசி எர்த் பக்கம். உப்புக் காற்றுள்ள ஊரில் இது சீக்கிரம் வரும். மற்ற ஊர்களில் கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

என் வண்டியில் இடது ஹெட்லைட் மஞ்சளாக மங்கிப்போனது. பட்டறைப் பையன் பார்த்த உடனே, “பல்பு வீக் ஆயிட்டு அண்ணாச்சி, புதுசு போட்டிருவமா?” என்றான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான எலக்ட்ரீஷியன் வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “பல்ப மாத்தி என்ன செய்ய தம்பி? டிம்லதான போட்டிருக்கீங்க, அங்க நீல லைட்டு மினுங்குதுல்லா, அது ஏன்னு மொதல்ல பாருங்க” என்றார்.

டேஷ்போர்டில் உள்ள நீல விளக்கு, பிரைட் போட்டால் மட்டும் எரிய வேண்டியது. டிம்மில் அது லேசாக எரிகிறது என்றால், பிரைட் லைனுக்குள் கரண்ட் வேறு வழியில் நுழைகிறது என்று அர்த்தம். ஹெச்4 பல்புக்குள் இரண்டு இழைகள் உண்டு, டிம்முக்கு 55 வாட், பிரைட்டுக்கு 60 வாட். இரண்டுக்கும் எர்த் கால் ஒன்றுதான். இடது பல்பின் எர்த் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிம் இழைக்குள் வந்த கரண்டுக்கு வெளியேற வழியில்லை. அது அப்படியே அதே பல்பின் பிரைட் இழைக்குள் புகுந்து, பிரைட் வயர் வழியாகப் பின்னோக்கி ஓடி, வலது பல்பின் பிரைட் இழையைக் கடந்து, அங்கே உள்ள நல்ல எர்த்தில் போய்ச் சேர்கிறது. போகிற வழியில் நீல விளக்குக்கும் கொஞ்சம் கிடைக்கிறது. 12 வோல்ட்டை மூன்று இழைகள் பங்கிட்டுக்கொள்வதால் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 4 வோல்ட்தான். அதனால்தான் அந்தச் செம்மஞ்சள் நிறம். வலது பல்பிலும் பிரைட் இழை சிவந்திருக்கும். டிம் வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியாது.

இதற்கு இன்னொரு அடையாளமும் உண்டு. பிரைட்டுக்கு மாற்றினாலும் அந்த ஒரு லைட் மட்டும் அதே மங்கலில் இருக்கும், ஏனென்றால் அப்போது கரண்ட் இதே சுற்றுவழியை டிம் இழைகள் வழியாகப் போகிறது. நீல விளக்கு மினுங்குவது, இரண்டு நிலையிலும் ஒரே மங்கல் என்ற இந்த இரண்டும் சேர்ந்து இருந்தால் பல்பு கடைக்குப் போக வேண்டாம்.

உறுதி செய்துகொள்ள ஒரு வயர் துண்டு போதும். ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவில் மாட்டி, மறுமுனையால் அந்தப் பல்பின் எர்த் காலைத் தொட வேண்டும். பளிச்சென்று எரிந்தால் கோளாறு எர்த்தில்தான். என் வண்டியில் தொட்ட கணமே எதிர்ச் சுவர் வெளுத்தது. கறுப்பு வயர் மட்கார்டில் ஸ்க்ரூ போட்டு முடுக்கிய இடத்தைக் கழற்றிப் பார்த்தால், வளையத்துக்கு அடியில் துரு, அதன்மேல் எப்போதோ அடித்த பெயின்ட், அதற்கும் மேல் பச்சைக் களிம்பு. உப்புத்தாளால் தகரம் வெள்ளையாகும்வரை தேய்த்து, வளையத்தையும் தேய்த்து, பல்லுள்ள வாஷர் போட்டு இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவினோம். வாஸ்லின் இறுக்கிய பிறகுதான். முதலிலேயே பூசிவிட்டு முடுக்கக் கூடாது. அத்தோடு இரண்டு லைட்டின் எர்த்தையும் சேர்த்துப் பேட்டரி நெகட்டிவுக்கு நேராக ஒரு தனி வயரும் இழுத்துவிட்டேன். பழைய வண்டிக்குச் செய்யக்கூடிய மலிவான உபகாரம் இது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பல ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளில் பாசிட்டிவ் நேராகப் பல்புக்குப் போய்விடும். ஸ்விட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும். அவற்றில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. வண்டியின் வயரிங் படம் கையில் இருந்தால் நல்லது.

இரண்டு லைட்டும் ஒரே மாதிரி மங்கல் என்றால் தேடல் வேறு மாதிரி. இங்கே மல்டிமீட்டர் வேண்டும், ஆனால் மீட்டரைப் பலர் தப்பான நேரத்தில் வைக்கிறார்கள். ஹோல்டரைக் கழற்றிவிட்டு வயரில் மீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டும். உடனே “சப்ளை இருக்கு” என்று முடிவு கட்டிவிடுவார்கள். மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகமிகக் கொஞ்சம். பல இழைகள் கொண்ட வயரில் ஒரே ஓர் இழை மிச்சமிருந்தாலும் மீட்டருக்கு அது போதும். 55 வாட் பல்பைப் போட்டதும் அந்த வோல்ட்டேஜ் படுத்துவிடும். ஆகவே பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். மீட்டர் இல்லாவிட்டால் 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயர் கட்டி டெஸ்ட் லேம்ப் செய்துகொள்ளலாம். அது கரண்டை இழுப்பதால் பொய் சொல்லாது.

முறை எளிது. இன்ஜினை ஓடவிட்டு லைட்டைப் போடுங்கள். பேட்டரி முனைகளில் 14 வோல்ட் அருகில் இருக்க வேண்டும். பிறகு ஹோல்டரின் பின்பக்கம் மீட்டர் முனையைச் செருகி, பல்பின் இரு கால்களுக்கு நடுவே அளந்து பாருங்கள். என் வண்டியில் அங்கே 11.3தான் வந்தது. நடுவில் காணாமல் போனது எங்கே என்று தேடுவதுதான் வேலை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மற்றதைப் பல்பின் எர்த் காலிலும் வைத்தால் 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் எர்த்தைப் பாருங்கள். அதேபோல் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒவ்வொரு இணைப்பாக வாருங்கள். வோல்ட்டேஜ் எங்கே குதிக்கிறதோ அங்கே குற்றவாளி. இரண்டு மூன்று வோல்ட்டுக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். ஹாலஜன் பல்பில் வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைகிறது. எனக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது பாதி வெளிச்சம்தான்.

என் வண்டியில் இரண்டு இடம் மாட்டியது. ஒன்று கிரில்லுக்குப் பின்னால் ரப்பர் உறைக்குள் இருக்கும் புல்லட் கனெக்டர்கள். இழுத்துப் பார்த்தால் பித்தளை கறுத்துப் போயிருந்தது. மற்றது காலடி டிம்மர். மேட்டுக்கு அடியில், கிளட்சுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பொத்தானை இடது காலால் அழுத்தியே டிம், பிரைட் மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் செருப்பிலிருந்து வடியும் சேறும் தண்ணீரும் நேராக அதற்குள்தான் போகிறது. நிறுத்திய வண்டியில் பத்து இருபது தடவை அழுத்தி, டிம் வெளிச்சம் தடவைக்குத் தடவை கூடிக் குறைந்து மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் உள்ளே காண்டாக்ட் கரிந்திருக்கிறது. தேய்த்துப் போடுவது சில மாதத்துக்குத் தாங்கும், மாற்றிவிடுவதே மேல்.

டிம்மில் மட்டும் இரண்டு பல்புக்குமாக 9 ஆம்பியர் அந்தச் சின்ன ஸ்விட்ச் வழியாகப் போகிறது. ரிலே போட்டால் ஸ்விட்ச்சுக்குக் கால் ஆம்பியர் வேலைகூட இருக்காது. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. ரிலேயின் 30ஆம் காலுக்குப் பேட்டரியிலிருந்து 20 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், 87இலிருந்து பல்புகளுக்கு, பழைய ஹெட்லைட் வயர் 86க்கு, 85 எர்த்துக்கு. ஃபியூஸ் பேட்டரிக்கு அருகிலேயே இருக்கட்டும்.

ரிலே இல்லாமல் 100 வாட் பல்பு போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம்தான். ஹோல்டர் இளகி வழிந்து பல்போடு ஒட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். வயரிங் சரியாக இருந்தால் 60/55 பல்பே நம் ஊர் சாலைக்குத் தாராளம்.

பல்பு அடிக்கடி பியூஸ் போகிறதா? இன்ஜினைக் கொஞ்சம் வேகப்படுத்திப் பேட்டரியில் அளந்து பாருங்கள். 15 வோல்ட்டைத் தொட்டால் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர்தான் பல்புகளைத் தின்கிறது. ஸ்டார்ட்டரும் சோம்பி, லைட்டும் மங்கினால் பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் பட்டை எர்த்தைப் பாருங்கள்.

வயரில் கை வைக்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், அளக்கும்போது மட்டும் மாட்டினால் போதும். பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். ஃபியூஸ் போனால் சிகரெட் அட்டைக்குள் இருக்கும் வெள்ளித் தாளைச் சுற்றி வண்டியை ஓட்டாதீர்கள். பழைய வண்டிகள் எரிந்து போவதற்கு அது ஒன்று போதும். வெளிச்சம் சரியானதும் வண்டியைச் சுவருக்கு நேரே நிறுத்தி டிம்மின் உயரத்தைச் சரிபாருங்கள். அதைச் செய்யாமல் இரவில் நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போய்விடாதீர்கள்.