தம்பிக்கு, கோவையிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நீ கூட வைத்து அனுப்பிய விளம்பரப் புத்தகத்தையும் இரண்டு தரம் புரட்டினேன். திருச்சி வீட்டை விட்டுவிட்டு, இங்கே நான் இருக்கிற மாதிரி ஓய்வுகாலக் குடியிருப்பு ஒன்றுக்கு வந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். பதில் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் இருவரில் யார் கடைசியில் தனியாக இருக்கப் போகிறார்களோ, அவருக்கு இந்த இடம் ஒத்துவருமா? உனக்கு 66, உன் மனைவிக்கு 60. சொல்லக் கசக்கிறது, ஆனால் அக்கா சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்? அநேகமாக அவள்தான் இருப்பாள். நாலு பக்கக் கடிதத்தில் அவள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லையே, தம்பி.

நாங்கள் வந்த மூன்றாம் வருடம், மார்கழி மாதம். விடிகாலை மூன்றரை மணிக்கு உன் அத்தான் குளியலறையில் விழுந்தார். சுவரோரம் சிவப்புக் கயிறு ஒன்று தொங்கும். இழுத்தால் கீழே அலுவலகத்தில் மணி அடிக்கும். இழுத்தேன். ஐந்து நிமிஷத்துக்குள் நர்ஸ் பெண் மாடியேறி வந்துவிட்டாள். திருச்சியில் இருந்திருந்தால் அந்நேரத்துக்கு யார் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பேன்? ஆனால் ஆம்புலன்ஸ் வாசலிலேயே நிற்கிறது, ஓட்ட ஆள் இல்லை. இரவு டிரைவர் கிடையாது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. 108-க்குப் போன் போட்டு, அது வந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் விடிந்துவிட்டது. இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

அதற்குப் பிறகு 14 மாதம் படுக்கையில் இருந்தார். ஆள் போடுகிற செலவு மெயின்டனன்ஸில் சேராது என்பதும், அறைக்கே சாப்பாடு கொண்டுவர நாள் கணக்கில் தனிப் பணம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஆகவே நீ பார்க்கப் போகிற இடத்தில் தோட்டத்தையும் நூலகத்தையும் அப்புறம் பார்த்துக்கொள். இரவு இரண்டு மணிக்கு யார் இருப்பார்கள், படுத்துவிட்டால் யார் பார்ப்பார்கள், நினைவு தப்பிப் போனால் வைத்துக்கொள்வீர்களா அல்லது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகச் சொல்வீர்களா என்று முதல் நாளே கேள். வாயால் சொல்கிற பதில் போதாது, எழுதி வாங்கு.

இவ்வளவு பட்டும் ஏன் இங்கேயே இருக்கிறேன் என்று கேட்பாய். அத்தான் காரியமெல்லாம் முடிந்து பிள்ளைகள் கிளம்பிப் போன மறுநாள் காலை, நான் எழுந்து விளக்குக்கூடப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். எட்டு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். எதிர்வீட்டம்மா, கையில் என் வாசலில் கிடந்த செய்தித்தாள். “டீச்சர், பேப்பர் எடுக்கலையே. வாங்க, பொங்கல் ஆறிடும்” என்றார். வேறு ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் நாலு பேர் உட்காரும் எங்கள் மேஜையில் அத்தான் நாற்காலியில் அன்றைக்கு அவரே உட்கார்ந்துகொண்டார். அது காலியாக என் கண்ணில் படக்கூடாது என்று நினைத்திருக்கிறார். எட்டு மணிக்கு மேல் பேப்பர் வாசலில் கிடந்தால் தட்டிப் பார்ப்பது எங்கள் மாடியில் நாங்களே வைத்துக்கொண்ட வழக்கம். அது எந்த ஒப்பந்தத்திலும் இருக்காது. மனிதர்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

இல்லாததையும் சொல்லிவிடுகிறேன். நவராத்திரிக்கு வீட்டுக்கு வீடு கொலு வைக்கிறோம். சுண்டல் வாங்க ஓடிவருகிற குழந்தை ஒன்றுகூடக் கிடையாது. பள்ளிக்கூட மணி கேட்டே வாழ்ந்தவளுக்கு அது பெரிய குறை. நேற்று பக்கத்தில் உட்கார்ந்து பேசியவர் இன்று ஃப்ரீசர் பெட்டியில் இருப்பதைப் பார்க்கும் மனமும் வேண்டும். கோயம்புத்தூர் என்றால் சிறுவாணித் தண்ணீர் என்று ஆசையோடு வந்தேன். ஊருக்கு வெளியே இருக்கிறோம், எங்களுக்கு வருவது போர்வெல் தண்ணீர். அதையும் விசாரித்துக்கொள்.

பத்திர விஷயம். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இருக்கிறதா என்று முதலில் பார். 2016-ல் வந்த அந்தச் சட்டம் கட்டடத்துக்குக் காவல். சாப்பாடும் நர்ஸும் டிரைவரும் கிரயப் பத்திரத்தில் வரமாட்டார்கள். தனியாகச் சேவை ஒப்பந்தம் என்று ஒன்று கொடுப்பார்கள், அதைத்தான் வரிவரியாகப் படிக்க வேண்டும். ஓய்வுகால வீடுகளுக்கென்று மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-ல் மாதிரி வழிகாட்டுதல்கள் வெளியிட்டிருக்கிறது. கைப்பிடி, வழுக்காத தரை என்று எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதற்கு அது உதவும். மெயின்டனன்ஸ் வருடத்துக்கு எவ்வளவு ஏறலாம் என்று உச்சவரம்பு கேள். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை. பென்ஷன் ஏறுகிற வேகத்தைவிட அதுதான் வேகமாக ஏறுகிறது. குறிப்பிட்ட வயது ஆகாதவர்கள் குடியிருக்க முடியாது என்று பல இடங்களில் விதி உண்டு. உன் மகள் பேருக்கு வந்தாலும் அவள் அங்கே குடியேற முடியாது, விற்பதென்றாலும் வாங்குகிற ஆள் குறைவு.

திருச்சி வீட்டை இப்போதே மகளுக்குச் செட்டில்மென்ட் எழுதிவிடலாமா என்கிறாய். வேண்டாம். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, அது நடக்காமல் போனால் ரத்து செய்ய 2007-ஆம் வருட மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் பெற்ற பெண்ணோடு தீர்ப்பாயத்தில் போய் நிற்கும்படியான நிலைமைக்கு நாமே ஏன் இடம் வைக்க வேண்டும்? உயில் எழுதிப் பதிவு செய். வீட்டை விற்கவும் விற்காதே, பூட்டிவிட்டு வா. இங்கே வாடகைக்கும் வீடு கிடைக்கிறது. ஒரு வெயில் காலம், ஒரு மழைக்காலம் இருந்து பார்த்துவிட்டு அப்புறம் தீர்மானம் செய்யுங்கள்.

ஊர் பேசும் என்று கவலைப்பட்டிருக்கிறாய். பேசட்டும். உன் மகள் உன்னைத் தள்ளிவிடவில்லை என்பது உனக்குத் தெரியும்.

எனக்கு இருக்கிற கவலையெல்லாம் உன் மனைவியைப் பற்றித்தான். முப்பத்தைந்து வருடம் தன் அடுப்படியைத் தானே ஆண்டவள். அவள் வைக்கிற வத்தக்குழம்பைச் சாப்பிடவே நாங்கள் வண்டியேறி வந்திருக்கிறோம். மூன்று வேளையும் இன்னொருவர் சமையலைத் தட்டேந்தி வாங்குவது அவளுக்கு ஓய்வாக இருக்குமா, இல்லை கையொடிந்த மாதிரி இருக்குமா? இங்கே இரண்டு மாதிரியும் பெண்களைப் பார்க்கிறேன். எதிர்வீட்டம்மா இன்னும் ஒரு சின்னக் குக்கரில் தினம் ரசம் மட்டும் வைத்துக்கொள்கிறார். அவள் எந்த மாதிரி என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீ பக்கத்தில் இருந்தால் அவள் வாய் திறக்கமாட்டாள்.

அதனால் ஆடியில் அவளை மட்டும் ஜன சதாப்தியில் ஏற்றிவிடு. நான் ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துக்கொள்கிறேன். விருந்தினர் அறை வேண்டாம், என்னோடே இருக்கட்டும். பத்து நாளாவது இருக்க விடு. நடுவில் போன் செய்து எப்படி இருக்கிறது என்று கேட்காதே. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அப்போது பலமாக அடிக்கும், ஸ்வெட்டர் எடுத்து வரச் சொல்.

உன் அக்கா