இரண்டாவது கேள்விக்குத் தயாராகுங்கள்

கல்லூரிகளில் மாதிரி நேர்காணல் நடத்தப் போகும்போது நான் பார்ப்பது இதுதான்: முதல் கேள்விக்கு எல்லோரிடமும் பதில் இருக்கிறது. "உங்கள் ப்ராஜெக்ட் என்ன?" என்றால் மளமளவென்று ஒப்பித்துவிடுகிறார்கள். "அதில் நீங்கள் செய்தது எது?" என்று கேட்டால் பார்வை சீலிங் ஃபேனுக்குப் போய்விடுகிறது. வேலை கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்வியில்தான். அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்குமேல் அதற்குத்தான். மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன்.

முதலில், சில்லறை வேலைகள்

அரியர் வைக்காதீர்கள். பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 சதவீதம் கேட்கும் நிறுவனங்கள் நிறைய. அரியர் நிலுவையில் இருந்தால் பல இடங்களில் எழுத்துத் தேர்வுக்கே உட்கார விடமாட்டார்கள்.

ஆப்டிட்யூட்டுக்கு ஆர்.எஸ். அகர்வால் புத்தகம் போதும். தினம் அரை மணி நேரம், போனில் டைமர் வைத்துக்கொண்டு. டைமர் இல்லாமல் போட்ட கணக்கை நான் போட்ட கணக்காகவே சேர்ப்பதில்லை.

உங்கள் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்குங்கள். பிடித்த நடிகரின் பட்டப்பெயரும் 007-ம் சேர்ந்த பழைய முகவரி நண்பர்களோடு இருக்கட்டும்.

அடுத்தது, ஒரு வேலையைப் பிடியுங்கள்

இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் வகுப்புக்கு வெளியே ஏதாவது ஒரு வேலையைக் கையில் எடுங்கள். ஒன்று போதும். பத்துச் சான்றிதழ் சேர்ப்பதைவிட அது மேல்.

சான்றிதழ் கூடாது என்று சொல்லவில்லை. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் பாடங்கள் இப்போது கல்லூரிக்குள்ளேயே நடக்கின்றன. ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் என்.பி.டெல். பாடங்களில் இலவசமாகச் சேரலாம், தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். அந்தச் சான்றிதழுக்குக் கொஞ்சம் மதிப்பு இருப்பதற்குக் காரணம், வாராந்தர அசைன்மென்ட்டுக்கு 25 மதிப்பெண்தான். மீதி 75 மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு. டெலிகிராம் குழுவில் விடையை வாங்கி அசைன்மென்ட்டை முடித்தவர்கள் அந்த 75-இல் மாட்டிக்கொள்வார்கள். உங்கள் துறைக்குப் பொருந்துகிற ஒன்றோ இரண்டோ முடித்தால் போதும். ஒரு மணி நேர வெபினாருக்குக் கொடுத்த 'இ-சர்டிஃபிகேட்' எல்லாம் ரெஸ்யூமேயில் ஏறக் கூடாது.

'வேலை' என்றதும் பெரிய கம்பெனி இன்டர்ன்ஷிப்தான் பலருக்கு நினைவு வருகிறது. ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு மாதம் பில் பதிவு செய்ததும் வேலைதான். துறையில் நடந்த சிம்போசியத்துக்கு ஸ்பான்சர் தேடி அலைந்து, கடைசியில் கணக்கு முடித்துக் கொடுத்ததும் வேலைதான். அப்பாவின் மளிகைக் கடையில் பள்ளி நாளிலிருந்து கல்லாவில் உட்கார்ந்த பையன் அதைப் பற்றி ஒரு வரி எழுதாமல் 'லீடர்ஷிப் குவாலிட்டி' என்று எழுதிக்கொண்டு வருகிறான். கடன் நோட்டை வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் மனம் நோகாமல் பாக்கியைக் கேட்டு வாங்கத் தெரிந்தவனுக்கு எந்த விற்பனைப் பிரிவிலும் வேலை உண்டு.

இறுதியாண்டு ப்ராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்குகிற வழக்கம் எல்லோருக்கும் தெரியும். வேண்டாம் என்றால் கேட்கப் போவதில்லை. வாங்கித்தான் தொலைத்தீர்கள் என்றால், வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு ஒயராகக் கழற்றித் திரும்ப மாட்டுங்கள். நிரலில் ஒரு வரியை மாற்றி என்ன கெட்டுப்போகிறது என்று பாருங்கள். அதற்குப் பிறகு அதில் கொஞ்சமாவது உங்களுடையது.

இப்போது, எல்லோரும் வழுக்கும் இடம்

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, வேலை செய்த நாளிலெல்லாம் மூன்று வரி எழுதுங்கள்: இன்று என்ன செய்தேன், எது சொதப்பியது, என்ன எண் வந்தது. போனில் எழுத வேண்டாம், எழுதுகிற யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வைவாவுக்கு முந்தைய இரவு எழுதும் ரெக்கார்டு நோட்டு மாதிரியும் வேண்டாம். அன்றன்றே எழுதினால்தான் சொதப்பல்கள் அதில் தங்கும். நேர்காணலில் கைகொடுப்பது சொதப்பல்கள்தான்.

ஏன் என்று ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். பொறியியல் கல்லூரிகளில் ஆண்டுதோறும் வருகிற ப்ராஜெக்ட், மண்ணின் ஈரத்தைப் பார்த்துத் தானாகத் தண்ணீர் விடும் கருவி. ஒரு ஆர்டுயினோ, ஒரு ஈரப்பத சென்சார், ஒரு ரிலே, ஒரு குட்டி மோட்டார். இதை எழுதிக்கொண்டு வருகிறவரிடம் நான் கேட்பேன்: "மண் காய்ந்துவிட்டது என்று எந்த எண்ணில் முடிவு செய்தீர்கள்?"

யூடியூபில் இருந்த எண்ணை அப்படியே போட்டவருக்கு இங்கேயே கதை முடிந்தது. தானே செய்தவர் சொல்வார்: ஆர்டுயினோ உனோ 0 முதல் 1023 வரை காட்டும், எங்கள் சென்சார் நன்றாகக் காய்ந்த மண்ணில் 1023-ஐ ஒட்டி நின்றது, தண்ணீர் விட்டதும் இறங்கியது, ஆனால் செம்மண் தொட்டியிலும் மணல் கலந்த தொட்டியிலும் ஒரே எண் வரவில்லை, அதனால் ஒவ்வொரு தொட்டிக்கும் தனியாகப் பார்த்து எல்லையை வைத்தேன்.

"அப்புறம் என்ன சிக்கல் வந்தது?"

"கொஞ்ச நாளில் சென்சாரின் இரண்டு கால்களும் அரித்துப்போய்விட்டன சார். ஈர மண்ணில் எந்நேரமும் மின்சாரம் ஓடினால் மேல்பூச்சு கரைந்துவிடுகிறது. அதனால் அளவு எடுக்கிற நேரத்தில் மட்டும் சென்சாருக்கு மின்சாரம் போகிற மாதிரி மாற்றினேன்."

இந்த ஒரு பதிலில் மின்வேதியியல், நிரல், சிக்கலைத் தீர்க்கும் பழக்கம் எல்லாமே வந்துவிட்டன. ரெஸ்யூமேயில் 'ப்ராப்ளம் சால்விங் ஸ்கில்' என்று எழுதத் தேவையே இல்லை. இருநூறு ரூபாய்கூடப் பெறாத சென்சார் அரித்துப்போனது அவருக்கு வேலை வாங்கித் தருகிறது.

பி.காம். மாணவருக்கும் இதே கதைதான். 'ஜி.எஸ்.டி. அறிவேன்' என்று எழுதினால், "ரிட்டர்ன் எந்தத் தேதிக்குள்?" என்பது முதல் கேள்வி. மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜி.எஸ்.டி.ஆர்-1 என்றால் 11-ஆம் தேதி, 3பி என்றால் 20. இதை யாரும் மனப்பாடம் செய்துவிடலாம். இரண்டாவது கேள்வி வேறு மாதிரி வரும்: "பில் கையில் இருக்கிறது, 2பி-யில் வரவில்லை. என்ன செய்தீர்கள்?" (2பி என்பது, விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களைக் காட்டும் ஜி.எஸ்.டி. பட்டியல்.) ஆடிட்டர் அலுவலகத்தில் உண்மையாகவே உட்கார்ந்தவருக்குத் தெரியும், 2022 ஜனவரியிலிருந்து 2பி-யில் ஏறாத பில்லுக்கு உள்ளீட்டு வரிக் கழிவு எடுக்க முடியாது என்று. விற்றவர் தாக்கலே செய்யவில்லையா, நம் ஜி.எஸ்.டி. எண்ணைத் தப்பாக அடித்துவிட்டாரா என்று பார்க்க வேண்டும், போன் போட்டு அவரைத் திருத்தச் சொல்ல வேண்டும், அது ஏறும் மாதத்தில்தான் கழிவு எடுக்க வேண்டும். அந்தப் போன் பேச்சை எப்படிப் பேசினீர்கள் என்று மூன்றாவது கேள்வி வந்தால் சந்தோஷப்படுங்கள். பாதி வேலை முடிந்துவிட்டது.

நோட்டு நிரம்பியதும் வேறு துறை நண்பர் ஒருவரைப் பிடியுங்கள். சொந்த வகுப்பு நண்பர் உதவ மாட்டார், அவருக்கும் அதே விடைதான் தெரியும். நீங்கள் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், அவர் "ஏன்?" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் விதி. நாலாவது 'ஏன்'-இல் நீங்கள் திணறும் இடத்தை நோட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டு, அதை மட்டும் போய்ப் படியுங்கள். இதைவிடச் சுருக்கமான தயாரிப்பு எனக்குத் தெரியாது.

இன்னும் இரண்டு: குழுவாகச் செய்திருந்தாலும் உங்கள் பங்கை 'நான்' என்றே சொல்லுங்கள். 'நாங்கள், நாங்கள்' என்றே போனால், எதுவும் செய்யாத நாலாவது ஆள் நீங்கள்தானோ என்று எதிரில் இருப்பவருக்குத் தோன்றிவிடும். தெரியாததற்குத் 'தெரியாது' என்று சொல்லிவிட்டு, எங்கே போய்ப் பார்ப்பீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடித்துவிடுவது வேண்டாம், உடனே தெரிந்துவிடும்.

ஆங்கிலம்

தமிழ் வழியில் படித்தவர்கள் இங்கேதான் அதிகம் பயப்படுகிறார்கள். இலக்கணப் புத்தகத்தை மூடி வையுங்கள். நோட்டில் இருக்கும் ஒரு சிக்கலை முதலில் வீட்டில் யாரிடமாவது தமிழில் சொல்லுங்கள். அம்மாவுக்குப் புரிந்தால் உங்களுக்கும் புரிந்திருக்கிறது. அதையே குட்டிக் குட்டி வாக்கியங்களாக ஆங்கிலத்தில் சொல்லிப் போனில் பதிவு செய்து கேளுங்கள். முதல் வாரம் கேட்கவே கூச்சமாக இருக்கும். பரவாயில்லை. உச்சரிப்பை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. பாதியில் நின்றுபோகும் வாக்கியம்தான் உறுத்தும், அதனால் சிறிதாகத் தொடங்கி முடித்துவிடுங்கள்.

'மைசெல்ஃப்' என்று ஆரம்பித்து, சொந்த ஊர், அப்பா தொழில், தம்பி படிக்கும் வகுப்பு, கிரிக்கெட் என்று போகும் அறிமுகத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். என்ன படிக்கிறேன், எதைச் செய்தேன், இந்த வேலைக்கு ஏன் வந்தேன் என்பதை ஒன்றரை நிமிடத்தில் சொன்னால் போதும். குழு விவாதத்திலும் சத்தமாகப் பேசுகிறவரைவிட, விட்டுப்போன ஒரு கோணத்தை எடுத்துக் கொடுப்பவரே தேறுகிறார்.

ரெஸ்யூமே கடைசியில்

ரெஸ்யூமேயைக் கடைசியில்தான் எழுத வேண்டும், நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. சீனியருடையதைக் காப்பியடித்தால் அவருடைய எழுத்துப் பிழையும் சேர்ந்து வரும். 'சவாலான சூழலில் பணியாற்றி' என்று தொடங்கும் அந்த 'கெரியர் அப்ஜெக்டிவ்' பத்தி வேண்டாம். தந்தை பெயர், மதம், திருமண நிலை, 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்ற உறுதிமொழி, கையெழுத்து எதுவும் தனியார் வேலைக்குத் தேவையில்லை. ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, இது என் கண்டிப்பு.

'அக்கவுன்ட்ஸ் துறையில் பயிற்சி பெற்றேன்' என்பதை, 'ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு மாதம். மூன்று கடைகளின் கொள்முதல் பில்களை 2பி-யோடு ஒப்பிட்டு விடுபட்டவற்றைக் கண்டறிந்தேன்' என்று மாற்றிப் பாருங்கள். இரண்டாவது கேள்வியை நீங்களே வரவழைத்துவிட்டீர்கள். கோப்புக்கு உங்கள் பெயரை வையுங்கள். 'ஃபைனல் நியூ 2' என்று வைத்தால் யாருடையது என்று தேட அவர்களுக்கு நேரமில்லை.

வேலை வாங்கித் தருகிறேன் என்று யார் டெபாசிட் கேட்டாலும், பயிற்சிக் கட்டணம் என்று கேட்டாலும், எழுந்து வந்துவிடுங்கள். 'பேக் டோர்' என்று சொல்லப்படும் வழியில் பணம்தான் போகும்.

கேம்பஸில் எதுவும் அமையாவிட்டால்

1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் பட்டதாரிகளுக்கு ஓராண்டுப் பயிற்சி உண்டு. தென் மாநிலங்களுக்கு இதைப் பார்த்துக்கொள்ளும் மத்திய அரசு வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள், பொதுத்துறை நிறுவனங்கள், தனியார் ஆலைகள் என்று ஆள் எடுக்கிறார்கள். பொறியியல், டிப்ளமோ மட்டுமல்லாமல் பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். படித்தவர்களுக்கும் இடம் உண்டு. மாதம் உதவித்தொகை, முடிவில் சான்றிதழ். நிரந்தர வேலை என்ற உறுதி கிடையாது, அதைத் தெரிந்துகொண்டே சேருங்கள். முதலில் இந்தப் பயிற்சிக்கான 'நாட்ஸ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பட்டச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயர், இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பதியுங்கள், பாதிப் பேருக்கு அங்கேதான் முட்டுகிறது. உதவித்தொகையில் அரசின் பங்கு நேராக வங்கிக்கு வருவதால், கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்பதையும் அதே நாளில் வங்கியில் கேட்டுவிடுங்கள்.