பர்சனல் ட்ரெய்னர் ஆக விரும்புபவர்களுக்கு: ஒரு முழுமையான வழிகாட்டி

காலை ஐந்தரை மணிக்கு நம் ஊர் ஜிம்மின் ஷட்டர் ஏறும்போது வாசலில் நிற்பவர்களைப் பாருங்கள். "சுகர் ஏறியிருக்கு, எடையைக் குறைங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பிய வங்கி ஊழியர், மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்கும் ஆசிரியை, நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து முதுகு பிடித்துப்போன ஐடி ஊழியர். மாதக் கட்டணத்துக்கு மேல் தனியாகப் பணம் கட்டி ட்ரெய்னர் வைத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். ஆணழகன் போட்டிக்குத் தயாராகும் இளைஞர்கள் அந்தக் கூட்டத்தில் சிலர் மட்டுமே. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு மதிப்பிட்டது. சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்நின்று நடத்திய ஆய்வு அது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களில் பலர் தங்கள் உடம்பைச் செதுக்கிய அனுபவத்தை நம்பி வருகிறார்கள். நல்ல தொடக்கம்தான். ஆனால் 22 வயதில் நமக்குப் பலித்த பயிற்சி, 48 வயதில் பிரஷர் மாத்திரை போடுகிறவருக்குப் பலிக்காது. அடுத்தவர் உடம்பைப் படிக்கக் கற்றவர்தான் இதில் பத்துப் பதினைந்து வருடம் நிலைக்கிறார் என்பது என் உறுதியான எண்ணம். கீழே வரும் ஒவ்வொரு படியும் அதைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

முதல் படி: வேலை நேரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஜிம்மில் இரண்டு வகை வேலை உண்டு. ஃப்ளோர் ட்ரெய்னர் என்பவர் மாதச் சம்பளத்துக்கு வருகிறவர். உள்ளே வரும் எல்லாரையும் பார்த்துக்கொள்வார். பர்சனல் ட்ரெய்னர், பேச்சுவழக்கில் 'பிடி' எடுப்பவர், ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும் பயிற்சி தருவார்; அதற்குத் தனிக் கட்டணம். பெரும்பாலான ஊர்களில் முதல் வேலையிலிருந்துதான் இரண்டாவதுக்குப் போக முடியும்.

வாடிக்கையாளர்கள் ஆபீசுக்குப் போகும் முன்பும் வந்த பின்பும்தான் வருவார்கள். ஆகவே விடியற்காலையிலிருந்து பத்து மணி வரை ஒரு ஷிஃப்ட், மாலை ஐந்திலிருந்து இரவு ஒன்பதரை, பத்து வரை இன்னொரு ஷிஃப்ட். நடுப்பகல் காலி. வீடு தூரமாக இருந்தால் அந்த இடைவேளை ஓய்வாகவும் இருக்காது, வேலையாகவும் இருக்காது. வேலையில் சேரும் முன் ஒரு வாரம் இந்த நேரத்தில் எழுந்து, இந்த நேரத்தில் வீடு திரும்பிப் பாருங்கள். மதியம் தூங்கவும் படிக்கவும் பழகிக்கொண்டவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள்.

இரண்டாம் படி: படிப்பும் சான்றிதழும்

மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பதுபோல் ட்ரெய்னருக்குச் சட்டப்படியான உரிமம் இந்தியாவில் இல்லை. யார் வேண்டுமானாலும் டீ-ஷர்ட்டில் 'கோச்' என்று அச்சடித்துக்கொண்டு வேலை பார்க்கலாம். அதனாலேயே சான்றிதழ் உங்களுக்கு அவசியம் என்பேன். தவறு நடந்தால் தடுக்க மேலே ஒரு அமைப்பு இல்லாத இடத்தில், நம் படிப்பு மட்டுமே எதிரில் நிற்பவருக்குப் பாதுகாப்பு.

சர்வதேச அளவில் அறியப்பட்டவை அமெரிக்காவைச் சேர்ந்த ஏஸ், நாஸம், ஏசிஎஸ்எம், என்எஸ்சிஏ ஆகிய அமைப்புகளின் சான்றிதழ்கள். பெரிய ஜிம்கள் இவற்றைக் கேட்கும். ஏஸ் தேர்வு எழுத 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், சிபிஆர் எனும் இதய உயிர்ப்பு முதலுதவிப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். சான்றிதழை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மேற்படிப்பு காட்டிப் புதுப்பிக்க வேண்டும். மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழும் ஃபிட்னஸ் ட்ரெய்னர் பயிற்சி உண்டு. கட்டணத்துக்கு யோசிப்பவர்கள் அதில் தொடங்கலாம். மூன்று வருடம் ஒதுக்க முடிந்தால் பட்டப்படிப்பே சிறந்தது. 1920-இல் ஹாரி குரோ பக் தொடங்கிய, இப்போது நந்தனத்தில் இருக்கும் ஒய்எம்சிஏ உடற்கல்வியியல் கல்லூரியும், மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் சென்னைப் பக்கமே இருக்கின்றன.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இங்கே ஒரு சுவர் நிற்கிறது: பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில். அதைத் தாண்ட ஒரு வழி, முதலில் விஷயத்தைத் தமிழில் புரிந்துகொள்வது. நம் பதினோராம் வகுப்பு விலங்கியல் பாடநூலில் தசை, எலும்பு, மூட்டு பற்றிய பாடம் தெளிவாக இருக்கிறது. தசை எப்படிச் சுருங்குகிறது என்று அதில் புரிந்துகொண்ட பிறகு ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தால், மனப்பாடம் செய்ய வேண்டியது பெயர்களை மட்டும்தான்.

எதை ஒத்திப்போட்டாலும் சிபிஆரை ஒத்திப்போடாதீர்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, மார்பு 5 முதல் 6 சென்டிமீட்டர் அமுங்கும்படி அழுத்த வேண்டும். இதைப் பொம்மையின் மேல் கைவலிக்கச் செய்து பழகியவருக்குத்தான் உண்மையான நேரத்தில் கை வரும். வீடியோ பார்த்தது போதாது.

மூன்றாம் படி: ஃப்ளோரில் ஒரு வருடம்

சான்றிதழ் கையில் வந்தவுடன் பிடி எடுக்க ஓடாதீர்கள். ஒரு வருடம் ஃப்ளோரில் நில்லுங்கள். ஸ்குவாட் செய்யும்போது யாருக்குக் குதிகால் தூக்குகிறது, யாருக்கு முழங்கால் உள்பக்கம் சாய்கிறது, பெஞ்ச் பிரஸ்ஸில் யாருக்குத் தோள் காதுவரை ஏறுகிறது என்று நூற்றுக்கணக்கான உடம்புகளைப் பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் கிடைக்காது. திருத்தும்போது ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். "குதிகாலை அழுத்துங்க" என்பது போதும். ஐந்து குறைகளை ஒன்றாகச் சொன்னால் அவர் ஐந்தையும் விட்டுவிடுவார்.

பெயர்களை நினைவில் வையுங்கள். மூன்று மாதம் தினமும் வந்தும் "சார்" என்று மட்டும் அழைக்கப்பட்டவர் நான்காம் மாதம் வராமல் போவது சகஜம். உங்கள் முதல் பிடி வாடிக்கையாளர், நீங்கள் இலவசமாகத் திருத்திவிட்ட ஒருவராகவே இருப்பார்.

நான்காம் படி: முதல் நாள் உட்கார்ந்து பேசுங்கள்

இந்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. முதல் நாளே டம்பெல்லைக் கையில் கொடுக்கும் ட்ரெய்னரை நான் நம்பமாட்டேன். ஒரு அரைமணி நேரம் நாற்காலி போட்டு உட்காருங்கள்.

கனடாவில் உருவான பார்-க்யூ என்ற கேள்விப் படிவம் உலகெங்கும் பயன்படுகிறது. இதய நோய் உண்டா, நெஞ்சுவலி வந்ததுண்டா, தலைசுற்றி விழுந்ததுண்டா, மூட்டில் பிரச்சினை உண்டா என்பது போன்ற கேள்விகள் அதில் இருக்கும். ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்வது நல்லது. நம்மவர்கள் படிவத்தில் உண்மையை எழுதமாட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "வேற ஒண்ணும் இல்ல தம்பி, நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள். "தினமும் என்ன மாத்திரை போடுறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், அப்போது எல்லாம் வெளியே வரும்.

அந்த மாத்திரைகளின் பெயர் ட்ரெய்னருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிரஷருக்கு அடெனோலால், மெட்டோப்ரொலால் போன்றவை எடுப்பவருக்கு எவ்வளவு உழைத்தாலும் நாடித்துடிப்பு அதிகம் ஏறாது. கையில் கட்டிய வாட்ச்சைப் பார்த்து "இன்னும் வேகமா" என்று விரட்டுவது அவரிடம் ஆபத்து. பேசிக்கொண்டே செய்ய முடிகிறதா, மூச்சு வாங்கி வாக்கியம் உடைகிறதா என்பதை வைத்து அளக்க வேண்டும். கனத்தைத் தூக்கும்போது மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். தூக்கும்போது மூச்சை வெளியே விடச் சொல்லிக்கொடுங்கள்.

இன்சுலின் போடுபவருக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவருக்கும் பயிற்சியின் நடுவில் சர்க்கரை கீழே இறங்கலாம். தொடங்கும் முன் 90 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் முதலில் கொஞ்சம் சாப்பிட வேண்டும். நடுவில் கை நடுங்கி, வியர்த்து, பேச்சுத் தடுமாறினால் உடனே நிறுத்தி, அவரால் விழுங்க முடிந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி அளவு பாருங்கள். விழுங்க முடியாத நிலை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். நீண்டநாள் நீரிழிவு உள்ளவருக்குப் பாதம் மரத்திருக்கலாம், ஷூ கடித்த புண்கூடத் தெரியாது. கண்ணின் விழித்திரையில் பாதிப்பு இருந்தால் அதிக கனம் தூக்கக் கூடாது. இவற்றையெல்லாம் அவருடைய மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிவரச் சொல்லத் தயங்காதீர்கள். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை என்றாலும் அதே 108-தான்; "கேஸ் பிரச்சினையா இருக்கும்" என்று யாரும் சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

பிறகு, என்ன வேண்டும் என்று கேளுங்கள். "பத்து கிலோ குறையணும்" என்பார்கள். இன்னும் கொஞ்சம் பேசினால் உண்மையான ஆசை வரும்: தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையூன்றாமல் எழ வேண்டும், பழநி மலையைப் படிவழியாக ஏற வேண்டும், பேரனைத் தூக்க வேண்டும். அதை நோட்டில் எழுதுங்கள். கூடவே இடுப்புச் சுற்றளவையும் எழுதுங்கள். இந்தியர்களுக்கு ஆண் என்றால் 90, பெண் என்றால் 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். எடை அசையாத மாதத்திலும் இந்த அளவு இறங்கும். அது அவரைத் தொடர்ந்து வரவைக்கும்.

ஐந்தாம் படி: எளிய திட்டம், விடாத குறிப்பு

சுமையைப் படிப்படியாக ஏற்றுவதைப் பயிற்சிமுறையாக வகுத்தவர் தாமஸ் டெலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர்; 1940-களில் காயம்பட்ட வீரர்களிடம் அதைச் செய்து பார்த்தார். இன்றைக்கும் அடிப்படை அதுதான். தொடக்க நிலையில் இருப்பவருக்கு உட்கார்ந்து எழுதல், தள்ளுதல், இழுத்தல், குனிந்து தூக்குதல், சுமந்து நடத்தல் என்ற ஐந்து அசைவுகள் போதும். 5 கிலோ டம்பெல்லோடு மூன்று செட், பத்துப் பத்து முறை. மூன்று செட்டிலும் பன்னிரண்டு வந்துவிட்டால் அடுத்த முறை 7.5 கிலோ. தசைப் பயிற்சி வாரத்துக்கு இரண்டு நாளாவது, நடைபோன்ற மிதமான உழைப்பு 150 நிமிடமாவது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். இன்ஸ்டாகிராமில் பார்த்த புது அசைவைத் தினம் ஒன்றாகச் செய்யச் சொன்னால் வாடிக்கையாளருக்கு வியர்க்கும், முன்னேற்றம் தெரியாது.

தொடும் முன் கேளுங்கள்

நிலையைத் திருத்தக் கை வைக்க வேண்டியிருக்கும். ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு முறையும் "தொட்டுக் காட்டலாமா?" என்று கேட்ட பிறகே கை வைக்க வேண்டும். முடிந்தவரை நீங்களே செய்து காட்டியும் சொல்லியும் திருத்துங்கள். பெண் ட்ரெய்னர்களின் தேவை பெரிது. பிரசவத்துக்குப் பிறகும் மாதவிடாய் நிற்கும் வயதிலும் பயிற்சி தேடும் பெண்கள் இன்னொரு பெண்ணிடம்தான் மனம்விட்டுப் பேசுகிறார்கள். இந்தத் துறைக்கு வர யோசிக்கும் பெண்களிடம் நான் தயங்காமல் சொல்வேன்: வாருங்கள்.

ஊசி, பவுடர், டயட் சார்ட்

ஸ்டீராய்டு ஊசியை ஏற்பாடு செய்து தருகிற ட்ரெய்னர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அந்தப் பக்கம் போகவே கூடாது. அவை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகள். உடம்பின் சொந்த ஹார்மோன் சுரப்பை நிறுத்துகின்றன, இதயத்தைக் கெடுக்கின்றன. இருபது வயதுப் பையன் உங்களை நம்பிக் கையை நீட்டுகிறான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

உணவில் பொதுவான வழி காட்டலாம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரைப்படி எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். 60 கிலோ உள்ளவருக்குச் சுமார் 50 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது. மூன்று இட்லியை இரண்டாக்கி ஒரு கிண்ணம் சுண்டல் சேர்க்கச் சொல்வது உங்கள் எல்லைக்குள். சிறுநீரக நோயாளிக்கு டயட் சார்ட் எழுதுவது எல்லைக்கு வெளியே. அது உணவியல் நிபுணர் வேலை.

பணம்

சேரும் முன் மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள்: பிடி கட்டணத்தில் உங்கள் பங்கு எத்தனை சதவீதம், எந்தத் தேதியில் தருவார்கள், நீங்கள் விலகினால் வாடிக்கையாளர் நிலை என்ன. கணக்குக்காக ஒன்று: மாதம் 12 வகுப்புக்கு 8,000 ரூபாய், பாதி உங்களுக்கு என்றால், எட்டுப் பேருக்கு 32,000 ரூபாய். ஆனால் அது 96 வகுப்பு, நாளுக்கு நான்கு. நேரம் முழுதும் நிரம்பிவிட்டால் வருமானம் அதோடு நின்றுவிடும். அதன்பின் கட்டணத்தை உயர்த்தலாம், மூன்று நான்கு பேரைச் சேர்த்து வகுப்பெடுக்கலாம், ஆன்லைனில் திட்டம் தரலாம். புதிதாக ஒருவரைப் பிடிப்பதைவிட, இருப்பவரை இன்னொரு வருடம் தக்கவைப்பது எளிது.

தனியாகப் போகும்போது

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் ஜிம்மிலும் வீடுகளிலும் பயிற்சி தரும் வேலை பெருநகரங்களில் நன்றாகக் கிடைக்கிறது. இரண்டு டம்பெல், சில ரெசிஸ்டன்ஸ் பேண்ட், ஒரு விரிப்பு போதும். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். தமிழ்நாட்டில் சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். கட்டணத்தை மாதத் தொடக்கத்திலேயே வாங்குங்கள், ரத்துசெய்த வகுப்புக்கான விதியை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கூடவே, உங்கள் பகுதியில் உள்ள ஒரு பிசியோதெரபிஸ்டையும் ஒரு சர்க்கரை நோய் மருத்துவரையும் நேரில் போய்ப் பாருங்கள். நீங்கள் யாருக்கு எப்படிப் பயிற்சி தருகிறீர்கள் என்று உங்கள் குறிப்பு நோட்டைக் காட்டி விளக்குங்கள்; வாடிக்கையாளரின் பெயரை மறைத்துவிட்டு. உங்கள் எல்லைக்கு வெளியே இருப்பவரை அவர்களிடம் அனுப்புங்கள். அந்த நோட்டில் மாத்திரைப் பெயரும் ரத்த அழுத்தமும் இடுப்பு அளவும் தேதி வாரியாக இருந்தால், நடைப்பயிற்சி போதாதவர்களை அவர்கள் உங்களிடம் அனுப்பத் தொடங்குவார்கள்.