இடுப்பில் ரிவால்வர் ஏறிய பிறகு

தம்பி, உனக்குத் துப்பாக்கி லைசென்ஸ் வந்துவிட்டதாக அம்மா சொன்னாள். பட்டாளத்திலும் அதன்பின் வங்கிக் காவலிலும் ஆயுதத்தோடே காலம் தள்ளியவன் நான். காளப்பநாயக்கன்பட்டியில் உனக்கு இதையெல்லாம் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?

1. கலெக்டர் ஆபீஸில் நீ கொடுத்த மனுவில் ஒரு காரணம் எழுதியிருக்கிறாய்: கோழிப்பண்ணைப் பணத்தோடு இருட்டில் தனியாக வர வேண்டியிருக்கிறது. அந்த வேலை இல்லாத நாளில் துப்பாக்கி பெட்டிக்குள் கிடக்கட்டும். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் எதற்கு? சந்தோஷத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால்கூட ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு.

2. மறைத்து வைப்பதைச் சினிமாக்காரன் சாமர்த்தியம் என்று நினைத்துவிடாதே. அது சட்டம். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கி அதற்கென்று செய்த உறையில், முழுக்க மூடியபடி, உன் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் டீக்கடை பெஞ்சில் உட்காரும்போதெல்லாம் சட்டையைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொள்வார். நாலு பேர் மரியாதை கொடுத்தார்கள், பொய்யில்லை. ஆனால் அவர் எந்தக் கிழமையில் பணம் எடுத்துப் போகிறார் என்பது அந்த இடுப்பைப் பார்த்தே ஊருக்குத் தெரிந்துபோனது.

3. சுமக்கிற சுகத்தைப் பற்றிக் கேட்டாயாம். கான்பூர் .32 ரிவால்வர் ஏறக்குறைய 700 கிராம். 2014-இல் வந்த ‘நிர்பீக்’ 500 கிராம்தான். எடை ஒரு பொருட்டே இல்லை, பெல்ட்தான் பொருட்டு. மெல்லிய பெல்ட் தொங்கும், நீ இழுத்து இழுத்து விடுவாய், பார்ப்பவனுக்கு எல்லாம் விளங்கிவிடும். தடித்த தோல் பெல்ட் வாங்கு. உறை உன் துப்பாக்கிக்கு அளவெடுத்ததாக, விசையை முழுசாக மூடுவதாக இருக்கட்டும். உறையில்லாமல் பேன்ட்டுக்குள் செருகுவதும் வேட்டி மடிப்பில் சொருகுவதும் வேண்டவே வேண்டாம். சட்டை ஓர் அளவு பெரிதாக, வெளியே விட்டபடி இருந்தால் போதும். முதல் ஒரு வாரம் தோட்டா போடாமல் வீட்டுக்குள்ளேயே கட்டிப் பழகு. குனி, சம்மணம் போடு, வண்டியில் ஏறி இறங்கு. எங்கே உறுத்துகிறதோ அங்கிருந்து ஒரு விரற்கடை தள்ளிக் கட்டிப் பார். கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவிலும் பைக்கில் போகிறவன் நீ. நகராத உறைதான் உனக்குச் சுகம். போகிற வழியில் அங்கே இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்காதே. புதியவர்களைக் காட்டிக்கொடுப்பது அந்தக் கைதான். இன்னொன்று, நம் ஊர் வெயிலில் வியர்வை இரும்பைத் தின்னும். இரவில் தோட்டாவைக் கழற்றிவிட்டு, துப்பாக்கியை எண்ணெய்த் துணியால் துடைத்துத் தனியாக வை. தோல் உறைக்குள்ளேயே விட்டால் ஈரம் கோத்துத் துருப்பிடிக்கும்.

4. அதைக் கட்டியிருக்கிற நாளில் தோற்கப் பழகு, கண்ணு. சேந்தமங்கலம் ரோட்டில் லாரிக்காரன் கெட்ட வார்த்தை சொன்னால் கேட்காதவன்போல ஒதுங்கு. வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு என்றால் கழற்றிவைத்துவிட்டுத்தான் போக வேண்டும். தற்காப்பு உரிமையைச் சட்டம் கொடுத்திருப்பது உண்மைதான்; தேவைக்கு மேல் ஓர் அடிகூட அது அனுமதிக்காது. தேவை எது என்பதைப் பிறகு நீதிமன்றம் முடிவு செய்யும், நீ அல்ல. நம் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று துளைத்துப் போனதாகப் புறநானூறு சொல்கிறது. அப்படிப்பட்ட வில்லாளியைக் கடையெழு வள்ளல்களில் ஒருவனாகத்தான் ஊர் வைத்திருக்கிறது. வில் பிடித்த கை கொடுத்த கையாகவும் இருந்தது.

5. குடிக்கிற நாளில் தொடாதே. இதில் பேச்சே இல்லை.

6. வீட்டில் துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில். குழந்தைகளுக்குத் தெரியாது என்று பெரியவர்கள்தான் நம்பிக்கொண்டிருப்பார்கள். தலையணைக்கடியில் வைத்துத் தூங்குவதை வீரம் என்று நினைத்த ஒரு கூட்டாளி எனக்கு இருந்தான். நாலு வயசுப் பேத்தி அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்து நின்றாள். நல்லவேளை, அன்றைக்குத் தோட்டா இல்லை. அவன் வீட்டுக்காரம்மா அதன்பிறகு அந்த அறையில் படுக்கவில்லை.

7. மலையில் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கியோடு ஒருவனைப் போலீஸ் பிடித்தால் நீ இளக்காரமாகப் பேசாதே. உன்னிடம் கலெக்டர் கையெழுத்து இருக்கிறது, அவனிடம் காட்டுப்பன்றி தோண்டித் தின்ற மரவள்ளிக் காடு இருக்கிறது. அதற்காக அந்தத் துப்பாக்கியை வாங்கவோ, ஒளித்து வைக்கவோ, வெடிமருந்து வாங்கிக் கொடுக்கவோ போய்விடாதே. உரிமமில்லாமல் வைத்திருந்தால் இப்போது இரண்டு முதல் ஐந்து ஆண்டு சிறை. தெரிந்தவர்கள் வைத்திருந்தால் தாங்களாகவே ஒப்படைத்துவிடச் சொல்.

8. காகிதத்தில் சோம்பல் படாதே. லைசென்ஸ் ஐந்து ஆண்டுக்குத்தான்; முடிவதற்கு முன்பே புதுப்பிக்க மனுக் கொடு. பெங்களூர் பக்கம் எடுத்துப் போவதாக இருந்தால் அதில் எந்த எல்லை வரை என்று எழுதியிருக்கிறது என்பதைப் படித்துவிட்டுக் கிளம்பு. தேர்தல் அறிவித்ததும் ஒப்படைக்கச் சொல்வார்கள். முணுமுணுக்காமல் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கிக்கொள். திரும்பக் கேட்கப் போகும்போது அந்த ரசீது வேண்டும்.