வழி சொல்லும் குறிகள்

நுழையும்முன்

எழுத்தறியாதவரும் படிக்கக்கூடிய மொழி ஒன்று நம் சாலையோரங்களில் நிற்கிறது. அம்மொழிக்கு வடிவமும் நிறமும் படமுமே எழுத்துகள். அதனைப் பிழையின்றிப் படிப்பவர் தம் உயிரையும் பிறர் உயிரையும் காக்கிறார்.

வேங்கிக்காலில் ஒரு பௌர்ணமி

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வரும் நெடுஞ்சாலை, நகருக்குள் நுழையுமுன் வேங்கிக்காலைக் கடக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள இவ்வூரின் வழியே நாள்தோறும் பேருந்துகளும் சரக்குந்துகளும் பள்ளி மாணவர்களின் மிதிவண்டிகளும் செல்கின்றன. பௌர்ணமி நாளில் இக்காட்சி மாறிவிடுகிறது. அண்ணாமலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் தொலைவை நடந்து வலம்வரப் பெருந்திரளான மக்கள் வருகின்றனர். வெறுங்காலுடன் நடப்போரில் முதியோரும் குழந்தைகளும் உண்டு. ஆந்திரத்திலிருந்தும் கருநாடகத்திலிருந்தும் ஊர்தி ஓட்டிவருவோர் பலருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

முன்னே மக்கள் சாலையைக் கடக்கின்றனர் என்பதை அந்த ஓட்டுநருக்கு எம்மொழியில் சொல்வது? சிவப்பு விளிம்புடைய முக்கோணத்துள் நடந்துசெல்லும் மனித உருவம் ஒன்று போதும்; அவரது கால் வேகத்தடையை நாடிவிடும். வழியை அறிந்தவர் அறியாதவருக்குச் சொல்லும் சொல்லே சாலைக்குறி.

முன்னோர் இட்ட அடையாளம்

இந்த அக்கறை தமிழர்க்குப் புதிதன்று. பரிசில் பெற்றவர், பெறாதவருக்கு வழிகாட்டும் முறையில் அமைந்தவை ஆற்றுப்படை நூல்கள். அவற்றுள் வழியின் இடர்களை மிக விரிவாகச் சொல்வது 583 அடிகளைக் கொண்ட மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் இயற்றிய இந்நூலின் பாட்டுடைத்தலைவன் நன்னனின் தலைநகர் செங்கண்மா. அதுவே இன்று திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள செங்கம்.

பன்றிகளுக்கு வைத்த பொறிகள், பாம்புகள் உறையும் குழிகள், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்கள், பாசி படர்ந்த வழுக்குநிலம் ஆகியவற்றைக் குறித்து இந்நூல் கூத்தர்களை எச்சரிக்கிறது. பல வழிகள் கூடும் சந்தியில் நிலத்தைத் துடைத்து, செல்லும் வழியைக் காட்டப் புல்லை முடிந்து வைக்குமாறும் கூறுகிறது. ஊர்ப்பெயர்களை வழிப்போக்கர் அறியக் கல்லில் கொத்தி எழுதியிருந்த செய்தியும் அதில் உண்டு. வழிகாட்டும் பலகையின் பழைய வடிவம் அந்தப் புல்முடிச்சு.

பிற்காலத்துச் சான்று தருமபுரிப் பகுதியில் கிடைத்துள்ளது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘அதியமான் பெருவழி’க் கல் ஒன்று, நாவற்தாவளத்துக்கு உள்ள தொலைவு 29 காதம் எனக் காட்டுகிறது. எழுத்தோடு இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் அக்கல்லில் உள்ளன. பெரிய குழி பத்தையும் சிறிய குழி ஒன்றையும் குறிக்கும். படிக்கத் தெரியாதவரும் தடவிப் பார்த்துத் தொலைவை எண்ணிக்கொள்ளலாம்.

குறிகளின் இலக்கணம்

இன்றைய சாலைக்குறிகள் மூவகைப்படும். வட்டமானவை உத்தரவுச் சின்னங்கள். இவற்றை மீறுவது சட்டப்படி குற்றமாகும். முக்கோணமானவை எச்சரிக்கைச் சின்னங்கள். வளைவு, குறுகிய பாலம், பள்ளி, தொடர்வண்டிக் கடவு முதலியவை முன்னே உள்ளன என இவை அறிவிக்கும். செவ்வகமானவை தகவல் சின்னங்கள். மருத்துவமனை, எரிபொருள் நிலையம், ஊர்ப்பெயர், தொலைவு போன்றவற்றை இவை காட்டும்.

வட்டத்துள்ளும் நிறத்தால் பொருள் வேறுபடும். சிவப்பு விளிம்பு ‘செய்யாதே’ என விலக்கும் அல்லது ஓர் எல்லையை வகுக்கும். நீலவட்டம் ‘இதனையே செய்’ என விதிக்கும். சிவப்பு விளிம்புக்குள் இடப்பக்க அம்பு குறுக்குக்கோட்டால் அடிக்கப்பட்டிருந்தால் இடப்புறம் திரும்பக் கூடாது. நீலவட்டத்துள் அதே அம்பு வெண்மையாக இருந்தால் இடப்புறமே திரும்ப வேண்டும். அம்பு ஒன்று, கட்டளைகள் இரண்டு. ஓர் எழுத்து மாறினால் சொல்லின் பொருள் மாறுவது போன்றது இது.

பொருள் மயங்கும் மற்றோர் இடமும் உண்டு. சிவப்பு விளிம்புடைய நீலவட்டத்தில் ஒரே ஒரு குறுக்குக்கோடு இருந்தால் அங்கு ஊர்தியை நிறுத்திவைக்கக் கூடாது. ஆளை ஏற்றி இறக்கச் சற்றே நிற்கலாம். இரு கோடுகள் குறுக்காக வெட்டிக்கொண்டால் நொடிப்பொழுதும் நிற்கலாகாது.

தெரிந்து தெளிவோம்

‘நில்’ என்னும் குறி மட்டுமே எண்கோணத்தில் அமையும். ‘வழிவிடு’ என்னும் குறி மட்டுமே தலைகீழ் முக்கோணமாக அமையும். பலகையில் புழுதி படிந்திருந்தாலும், பின்புறத்திலிருந்து பார்த்தாலும் வடிவமே அவற்றைக் காட்டிக்கொடுக்கும். எண்கோண வடிவம் 1920களில் அமெரிக்காவில் தோன்றியது. தொடக்கத்தில் மஞ்சளாக இருந்த அப்பலகை, நிறம் மங்காத சிவப்புப் பூச்சு கிடைத்தபின் 1954இல் சிவப்பாயிற்று.

உலகின் உடன்பாடு

1909ஆம் ஆண்டு பாரிசில் கூடிய நாடுகள் மேடுபள்ளம், வளைவு, சாலைச் சந்திப்பு, தொடர்வண்டிக் கடவு ஆகிய நான்கிற்கும் பொதுவான குறிகளை ஏற்றுக்கொண்டன. 1968இல் வியன்னாவில் உருவான உடன்படிக்கை அவற்றை விரிவாக்கியது. இந்தியாவும் அதில் இணைந்துள்ளது. நம் நாட்டின் மோட்டார் வாகனச் சட்டம், 1988, சாலைக்குறிகளுக்குக் கீழ்ப்படிவதை ஓட்டுநரின் கடமையாக்கியுள்ளது.

அக்கடமையின் அருமையை ஓர் எண் உணர்த்தும். நடுவண் அரசின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். நாளொன்றுக்கு 460 பேருக்கு மேல் வீடு திரும்பவில்லை. இவ்விழப்புகளுக்குக் காரணங்கள் பல. ஆயினும், வளைவுக்கு முன் வேகத்தைக் குறைப்பதும் பள்ளிக்கு முன் விழிப்புடன் செல்வதும் ஒவ்வொருவர் கையிலும் உள்ள செயல்கள்.

மறைக்கப்படும் சொல்

பதினெட்டு வயது நிறைந்ததும் ஓட்டுநர் உரிமம் பெற விரும்புவோர் இக்குறிகளை மனப்பாடம் செய்கின்றனர். தேர்வு முடிந்ததும் பலர் மறந்துவிடுகின்றனர். நடந்து செல்வோரும் மிதிவண்டியில் செல்வோரும் இவை தமக்கு உரியவை அல்ல என எண்ணுகின்றனர். திருமண வாழ்த்துப் பதாகை பள்ளிக்கு முன்னுள்ள முக்கோணத்தை மறைக்கிறது. சுவரொட்டி வேக எல்லையின் எண்ணை மூடுகிறது. கட்டியவருக்கு அது ஒருநாள் மகிழ்ச்சி. ஊருக்குப் புதிதாய் வரும் ஓட்டுநருக்கோ அங்கே பள்ளி இருப்பதே தெரியாமல் போகிறது.

சந்தியில் புல்லை முடிந்தவர் தமக்குப் பின்னால் வருபவரின் முகத்தைக் கண்டதில்லை. ஆயினும் அவருக்காகக் குனிந்து ஒரு முடிச்சிட்டார். பௌர்ணமி இரவில் வேங்கிக்காலைக் கடக்கும் அயலூர் ஓட்டுநரும் மலையை வலம்வரும் மூதாட்டியும் ஒருவரையொருவர் அறியாதவர்களே. அவ்விருவருக்கும் இடையே பேசி நிற்கிறது ஒரு பலகை. அதனை மறைக்காதிருப்பதும் மதித்து நடப்பதும் அந்தப் புல்முடிச்சை அவிழ்க்காமல் காப்பதற்கு ஒப்பாகும்.

கற்பவை கற்றபின்

1. வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியிலுள்ள சாலைக்குறிகளை வரைந்து, மூவகையாகப் பிரித்து, பொருள் எழுதுக.

2. மறைந்தோ சிதைந்தோ உள்ள குறி ஒன்றைச் சீரமைக்க வேண்டி உள்ளாட்சி அலுவலருக்கு விண்ணப்பம் வரைக.